கன்னியாகுமரி – திப்ரூகர்: வயதான பெற்றோருடன் ஒரே வண்டியில் போவதா, இடையில் தங்கிப் போவதா?

பார்வதிபுரம்:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அப்பாவுக்கு 67 வயது, அம்மாவுக்கு 62. அப்பா ரயில்வே அஞ்சல் சேவையான ஆர்.எம்.எஸ்.ஸில் கடிதம் பிரிக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் 786 என்று தொடங்கும் பின்கோடு கொண்ட உறைகள் எப்போதாவது கைக்கு வரும் என்றும், அவை போய்ச் சேரும் அசாமின் திப்ரூகர் என்ற ஊரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்றும் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் அந்த ஊருக்கு நேராகப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கடந்து போகிறது என்பதால் அவருடைய ஆசை இன்னும் வலுத்துவிட்டது.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையோடு இரண்டொரு நாள் விடுப்பும் எடுத்தால் எனக்குப் பன்னிரண்டு நாட்கள் கிடைக்கும். கன்னியாகுமரியில் ஏறி நேராகத் திப்ரூகர் சென்று, அங்கிருந்து ராஜதானியில் தில்லி வந்து, தில்லியிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை திரும்பலாம் என்று நினைத்திருக்கிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு, அப்பாவுக்கு இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்டு. இந்தத் திட்டம் சரிவருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளத் தோழன்:

தயங்காமல் நேராகப் போங்கள், அக்கா. நான் அந்த வண்டியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போயிருக்கிறேன். 4,100 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ 75 மணி நேரம், மூன்று இரவுகள். நம் நாட்டில் ஒரே வண்டியில் இதைவிட நீண்ட தொலைவு போக முடியாது. 2011 நவம்பரில், விவேகானந்தரின் 150ஆவது பிறந்த ஆண்டை ஒட்டித் தொடங்கிய வண்டி இது. கேரளம், கொங்கு நாடு, ஆந்திரக் கடற்கரை மாவட்டங்கள், ஒடிசா, வங்காளம் என்று மண்ணின் நிறமும் வீட்டுக் கூரைகளும் மெல்ல மெல்ல மாறி வருவதை இறங்காமல் பார்ப்பதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. இடையில் இறங்கி விடுதியில் தங்கினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

ஏசி மூன்றடுக்குப் பெட்டியில் கம்பளியும் விரிப்பும் தருவார்கள், வண்டியில் சமையல் பெட்டி உண்டு. இரண்டாம் நாள் மாலைக்குள் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சொந்தக்காரர்களைப் போல ஆகிவிடுவார்கள். உங்கள் அப்பா கேட்பது அந்த அனுபவம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய கவுண்டர்:

அம்மா, நான் ஜோலார்பேட்டைப் பக்கம். முன்பதிவுக் கவுண்டரில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன். உங்கள் அப்பாவின் ஆசை நியாயமானது, அதை நிறைவேற்றத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் வரிசையில் எனக்கு உடன்பாடு இல்லை.

நெடுந்தொலைவுப் பயணம் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் கிலோமீட்டரையும் மொத்த மணி நேரத்தையும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, வண்டி தாமதமானால் யார் நமக்காகக் காத்திருக்கப்போகிறார்கள் என்பதைத்தான். மூன்று இரவு ஓடும் வண்டி, வழியில் எத்தனையோ ரயில்வே கோட்டங்களைக் கடந்து, ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகப் பின்தங்கி வரலாம். சில நாட்கள் சரியான நேரத்திலும் வரும், சில நாட்கள் ஐந்தாறு மணி நேரம் தள்ளியும் வரும். அப்படிப்பட்ட வண்டியைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்துவிட்டு, அதன் பின்னால் ராஜதானி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்று தேதி குறித்த சீட்டுகளைக் கோத்து வைத்தால், முதல் மணி நழுவும்போது மாலை முழுவதும் சிதறிவிடும்.

அதே நெடுவண்டியைக் கடைசியில் வைத்துப் பாருங்கள். திப்ரூகரில் ஏறி நாகர்கோவிலில் இறங்குகிறீர்கள். ஆறு மணி நேரம் தாமதமானாலும் உங்களுக்குத் தவறிப்போக அடுத்த வண்டி எதுவும் இல்லை, வீடுதான் இருக்கிறது. அதோடு, வீட்டை நோக்கிப் போகும்போது உடம்பின் களைப்பை மனம் பொறுத்துக்கொள்ளும். முதல் மூன்று நாட்களிலேயே அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டால் மிச்சப் பயணம் முழுவதும் மருத்துவமனையைத் தேடுவதாகிவிடும்.

பார்வதிபுரம்:

மிக்க நன்றி ஐயா. வரிசையைத் திருப்பிப் போடலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் போகும்போது தில்லி வழியாகப் போய், வரும்போது விவேக்கில் வந்தால் போதுமா? இரண்டாவது கேள்வி: மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டாகப் போட்டால் அப்பா அம்மா இருவருக்கும் கீழ்ப்படுக்கை கிடைக்குமா? மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை இப்போது உண்டா?

யமுனைக்கரை:

தில்லியில் பதினைந்து ஆண்டுகளாக வசிக்கிறேன் என்பதால் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். டிசம்பர் கடைசி வாரத்தில் தில்லி வழியை அடியோடு விட்டுவிடுங்கள். தில்லியிலிருந்து கான்பூர், அலகாபாத், பட்னா வரை கங்கைச் சமவெளி முழுவதும் அந்த மாதத்தில் மூடுபனி இறங்கிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டுநருக்குச் சிக்னல் விளக்கே கண்ணுக்குத் தெரியாத நாட்கள் உண்டு. பனிக்காலத்துக்கென்று வண்டிகளை ரத்து செய்வதும், ஓடும் நாட்களைக் குறைப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை.

ஒரு சனவரியில் என் மாமியாரை ஊருக்கு அனுப்புவதற்காக இரவு எட்டு மணிக்கு நடைமேடைக்குப் போனோம். வண்டி மறுநாள் காலை ஐந்தரைக்குத்தான் புறப்பட்டது. காத்திருப்பு அறையில் உட்கார இடமில்லாமல், தரையில் போர்வை விரித்து அவரைப் படுக்க வைத்தேன். 70 வயதுக்காரரை அந்தக் குளிரில் அப்படிப் படுக்க வைத்ததை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

தில்லி என்றால் ஒரு நிலையம் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். புது தில்லி, பழைய தில்லி, ஹஸ்ரத் நிஜாமுதீன், ஆனந்த் விஹார் எல்லாம் வேறு வேறு இடங்கள். சீட்டில் எந்த நிலையம் என்று பார்க்காமல் வந்து தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பனி இல்லாத பிப்ரவரி, மார்ச், அக்டோபர் மாதங்களில் தில்லியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கவுண்டர்:

அவர் சொல்வது முற்றிலும் சரி. வங்காளத்தின் வட பகுதியிலும் அசாமிலும் கூட அந்தப் பருவத்தில் பனி உண்டு. ஆனால் தில்லி–கான்பூர் பகுதியின் அளவுக்கு வண்டிப் போக்குவரத்தை அது முடக்குவதில்லை. ஆகவே போகும் வழியும் கிழக்குக் கடற்கரையாகவே இருக்கட்டும்.

கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இன்னும் திரும்ப வரவில்லை. ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் தனியாகச் சில கீழ்ப்படுக்கைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தத் தகுதியுள்ள ஒருவரோ இருவரோ மட்டும் ஒரு சீட்டில் இருந்தால்தான் அந்த ஒதுக்கீடு கிடைக்கும். உங்கள் பெயரையும் அதே சீட்டில் சேர்த்தீர்களானால் அந்த வாய்ப்பு அடைபட்டுவிடும். பாசத்தால் எல்லாரும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருக்க வேண்டும் என்று கேட்டு, பிறகு பெரியவர்களை மேல்படுக்கைக்கு ஏற்றிவிட்டுத் தவித்த குடும்பங்களை நான் கவுண்டரில் வாரந்தோறும் பார்த்திருக்கிறேன். அப்பா அம்மாவுக்கு அந்த ஒதுக்கீட்டில் ஒரு சீட்டு, உங்களுக்குப் பொது ஒதுக்கீட்டில் ஒரு சீட்டு என்று இரண்டாகப் போடுங்கள். பெட்டி வேறாக அமையலாம். அதை வண்டியில் டிக்கெட் பரிசோதகரான டிடிஇயிடமோ சக பயணியிடமோ பேசிச் சரிசெய்துகொள்ள முடியும். கீழ்ப்படுக்கையை அப்படிப் பேசி வாங்குவது எளிதல்ல.

இனி வழி. எந்த ஊரில் இறங்கித் தங்குவது என்று முடிவு செய்யும்போது, அடுத்த வண்டி எந்த ஊரிலிருந்து புறப்படுகிறதோ அந்த ஊரில் தங்குங்கள். நடுவழியில் ஏறுகிறவர்களுக்குக் கொடுக்கப்படும் இடங்கள் குறைவு. அங்கே காத்திருப்புப் பட்டியலில் விழுந்தால் ஆர்எல்டபிள்யூஎல் என்றோ பிகியூடபிள்யூஎல் என்றோ வரும், அவை கன்ஃபர்ம் ஆவது அரிது. புறப்படும் நிலையத்தில் ஏறுகிறவர்களுக்குத்தான் பெரும்பங்கு. அங்கே காத்திருப்பு விழுந்தாலும் ஜிஎன்டபிள்யூஎல் என்பதால் மேலே நகர வாய்ப்பு அதிகம்.

இந்தக் கணக்குப்படி நான் சொல்வது: நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஓர் இரவு, சென்னையில் இறங்கி ஒருநாள் ஓய்வு. சென்னை சென்ட்ரலிலிருந்து காலை 7 மணிக்குக் கோரமண்டல், மறுநாள் முற்பகலில் கொல்கத்தா. அங்கே ஓர் இரவு தங்கி, மறுநாள் ஹவுராவிலிருந்து சராய்காட் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு, காலையில் கவுகாத்தி. கவுகாத்தியில் ஓர் இரவு தங்கி, அடுத்த நாள் இரவு வண்டியில் திப்ரூகர். ஒரு வண்டியில் ஓர் இரவுக்கு மேல் எங்கும் வராது, ஒவ்வொரு வண்டி இரவுக்குப் பின்னும் அசையாத கட்டிலில் ஓர் இரவு உண்டு. எந்த இணைப்பிலும் ஒருநாள் இடைவெளி இருப்பதால், முன்வண்டி எட்டு மணி நேரம் தாமதமானாலும் உங்கள் தூக்கம் குறையுமே தவிரச் சீட்டு வீணாகாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கோரமண்டல் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, ஷாலிமார் நிலையத்தில் முடிகிறது. அதுவும் ஹூக்ளியின் ஹவுரா கரையில்தான் இருக்கிறது, வாடகை வண்டியில் போய்விடலாம். ஆனால் அங்கே இறங்கியதும் இதுதான் ஹவுரா என்று நினைத்துவிடக் கூடாது.

செவ்வாழை:

சேலத்தில் செவிலியராக இருக்கிறேன். மருத்துவ ஆலோசனையை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள், நான் பார்த்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கழிப்பறைக்கு அடிக்கடி போக நேரிடும் என்று அஞ்சி, பெரியவர்கள் வண்டியில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது நல்லதல்ல. மாத்திரைகளைப் பெரிய பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், தேவையைவிட ஐந்து நாட்களுக்கு அதிகமாக எடுத்து, கைப்பையில் பாதியும் பெட்டியில் பாதியுமாக வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மா பெட்டியின் நடைவழியில் ஒரு சுற்று நடக்கட்டும். நடுப்படுக்கையை இரவு பத்து முதல் காலை ஆறு வரைதான் விரித்து வைக்கலாம் என்பது விதி. அதைப் பணிவாக நினைவுபடுத்தினால் பகலில் அவர்களால் முதுகு நிமிர்ந்து உட்கார முடியும். வண்டியில் உடல்நிலை சரியில்லாமல் போனால் 139 எண்ணை அழையுங்கள்.

தின்சுகியா நினைவு:

தேயிலைத் தோட்ட அலுவலகம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்ததால் அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம். திப்ரூகர் 95 பாகைத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நம் நாட்டு நேரமோ 82½ பாகையை வைத்துக் கணக்கிடப்படுவது. அதனால் டிசம்பரில் அங்கே மாலை நாலரை மணிக்குள் இருட்டிவிடும். ‘மாலையில் ஊர் சுற்றிப் பார்க்கலாம்’ என்று நம் ஊர் வழக்கப்படி திட்டமிட்டால் ஏமாந்துபோவீர்கள். விடியலும் அதற்கேற்ப முன்னதாகவே வரும், ஆகவே ஊரைப் பார்ப்பதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பிரம்மபுத்திராவின் மேல் 2018 டிசம்பர் 25 அன்று திறக்கப்பட்ட போகிபீல் பாலம் பக்கத்தில்தான் இருக்கிறது. மேலே சாலையும் கீழே தண்டவாளமுமாக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளம். உங்கள் அப்பாவை அங்கே கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். திப்ரூகர் தலைமை அஞ்சலகத்துக்கும் அழைத்துச் செல்வீர்கள் என்று நம்புகிறேன்.

வழியில் திமாப்பூர் வரும், அது நாகாலாந்து. வண்டியில் கடந்து போவதற்கு ஒன்றும் தேவையில்லை. இறங்கி ஊருக்குள் போவதானால் உள்நுழைவு அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. விவேக் எக்ஸ்பிரஸைச் சுற்றுலா வண்டியாக மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. கேரளத்திலும் கொங்குப் பகுதியிலும் கட்டட வேலைக்கும் ஒட்டுப்பலகை ஆலைகளுக்கும் வந்திருக்கும் அசாம், வங்காளத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய் வரும் வண்டி அது. துர்கா பூஜைக்கு முன்னாலும், ஏப்ரல் நடுவில் வரும் பிஹுவுக்கு முன்னாலும் வடக்கு நோக்கிப் போகும் வண்டியில் நிற்கவும் இடம் இருக்காது. பொதுப்பெட்டியில் மூன்று இரவையும் உட்கார்ந்தபடியே கழித்துத் தாயைப் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்களை விட்டு வேறு நாட்களில் நாம் பயணம் வைத்துக்கொண்டால் அவர்களில் ஒருவருக்கேனும் ஒரு படுக்கை மிச்சமாகும்.

தண்டவாளத் தோழன்:

கவுண்டர் ஐயாவின் திட்டத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய வேண்டும். நான்கு வண்டி என்றால் நான்கு முறை ஏறி இறங்க வேண்டும். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடைமேடைப் படிகளில் ஏற வேண்டும், முன்பின் தெரியாத ஊரில் வாடகை வண்டிக்குப் பேரம் பேச வேண்டும், விடுதியில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு ஓடும் வண்டியில் படுத்திருப்பதைவிட இதுதான் அதிக வேதனை தரும். கட்டணமும் கூடும். தொலைவு ஏற ஏறக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே வரும் முறை நம்முடையது, துண்டு துண்டாக வாங்கினால் அந்த நன்மை போய்விடும்.

பழைய கவுண்டர்:

தம்பி சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. சுமை தூக்குவதுதான் இந்தத் திட்டத்தின் பலவீனம், அதை நான் மறைக்கவில்லை. அதற்காகத்தான் கொல்கத்தாவில் நிலைய ஓய்வறையைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல இருந்தேன். கன்ஃபர்ம் ஆன பிஎன்ஆரோ, உட்கார மட்டும் இடம் உறுதியான ஆர்ஏசியோ இருந்தால் ஐஆர்சிடிசி தளத்திலேயே பதிவு செய்யலாம். அடுத்த நாள் ஹவுராவில்தான் ஏற வேண்டும் என்பதால் ஹவுராவிலேயே அறை கிடைத்தால் இரண்டாவது வாடகை வண்டி மிச்சம். பெரிய நிலையங்களில் சக்கர நாற்காலியும், சிலவற்றில் பேட்டரி வண்டியும் உண்டு. மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு பெட்டிக்கு மேல் வேண்டாம். துணியைத் துவைத்து உடுத்திக்கொள்ளலாம்.

கட்டணம் கூடும் என்பதும் சரிதான். ஆனால் அந்த அதிகப் பணம், தாமதத்திலிருந்து உங்களைக் காப்பதற்குக் கொடுக்கும் விலை.

மாயவரம் சந்திப்பு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஒரே சீட்டில் வழியில் இறங்கித் தங்க அனுமதி உண்டு என்று எங்கள் தாத்தா சொல்வார். அந்த விதி இன்னும் இருக்கிறதா? இருந்தால் கட்டணமும் கூடாது அல்லவா?

பழைய கவுண்டர்:

இருக்கிறது. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சீட்டுக்கு ஒருமுறையும், 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டதற்கு இருமுறையும் வழியில் இறங்கித் தங்கலாம், ஒவ்வொரு முறையும் இரண்டு நாட்கள் வரை. முதல் 500 கிலோமீட்டரைக் கடந்த பிறகுதான் முதல் தங்கல். ராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளுக்கு இது பொருந்தாது. இதைத் தவிர சுற்றுப்பயணச் சீட்டு என்று ஒன்று உண்டு. புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வரும் பயணத்தில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம், நெடுந்தொலைவுக் கட்டணத்தின் நன்மையும் கிடைக்கும். இவை இரண்டும் கைப்பேசியில் ஆகிற காரியம் அல்ல. வழித்தடத்தை எழுதிக்கொண்டு நிலையத்துக்கு நேரில் போக வேண்டும், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகப் படுக்கை முன்பதிவு செய்ய வேண்டும். கையில் நேரமும் பொறுமையும் உள்ள ஓய்வூதியர்களுக்கு இதைவிட நல்ல சீட்டு கிடையாது. காலை எட்டு மணிக்குத் திறக்கும் முன்பதிவில் போட்டியிட வேண்டிய டிசம்பர் கடைசி வாரத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே நாளில் இரண்டு வண்டி மாறுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. 2019 ஏப்ரல் முதல் இரண்டு பிஎன்ஆர்களை இணைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. முன்வண்டி தாமதத்தால் பின்வண்டி தவறினால், பயணம் செய்யாத பகுதிக்கான பணம் ரத்துக் கட்டணம் இல்லாமல் திரும்ப வரும். இரண்டு சீட்டிலும் பயணிகளின் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். பணம்தான் வரும், அடுத்த வண்டியில் படுக்கை வராது. டிசம்பரில் நடு இரவில் ஹவுராவில் நிற்கும் குடும்பத்துக்குப் பணத்தைவிடப் படுக்கைதான் தேவை.

பார்வதிபுரம்:

அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். முதலில் முகம் வாடிவிட்டது. கன்னியாகுமரியில் ஏறி நேராகப் போவதைத்தான் இத்தனை காலமாக மனத்தில் வைத்திருந்தார். பிறகு, ‘கடிதமும் அப்படித்தானே போயிற்று? ஒரு வண்டியில் ஏற்றி, ஒரு சந்திப்பில் இறக்கிப் பிரித்து, மறுவண்டியில் ஏற்றினோம்’ என்றார். அதன் பிறகு அவரே அட்டவணை போடத் தொடங்கிவிட்டார்.

ஏறும் நாளும் ஊருமாக, டிசம்பர் 23 மாலை நாகர்கோவில், 25 காலை சென்னை, 27 ஹவுரா, 29 இரவு கவுகாத்தி, 31 மாலை திப்ரூகர் என்று ஐந்து சீட்டுகள். 60 நாள் முன்பதிவுக் கணக்குப்படி இவை அக்டோபர் 24, 26, 28, 30, நவம்பர் 1 ஆகிய ஐந்து காலைகளில் திறக்கின்றன. முதல் நான்கையும் வாங்கிவிட்டு ஐந்தாவது கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதுதான் இப்போதைய கவலை.

பழைய கவுண்டர்:

கவலை சரியானதே. முன்பு முன்பதிவுக் காலம் 120 நாட்களாக இருந்தது, 2024 நவம்பர் 1 முதல்தான் 60 ஆனது. நெடுவழிப் பயணிக்கு அதனால் ஒரு நன்மையும் உண்டு: ஊர் ஊராகத் தங்கிப் போகிறவன் எட்டே நாட்களில் முழுப் பயணமும் அமையுமா அமையாதா என்று தெரிந்துகொள்கிறான். அமையாவிட்டால் ரத்து செய்யுங்கள். பல நாட்களுக்கு முன்பே ரத்து செய்தால் ஏசி மூன்றடுக்கில் ஆளுக்கு 180 ரூபாயும் வரியும்தான் பிடிப்பார்கள்.

கடைசிச் சீட்டுக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. ஆண்டின் கடைசி நாளில் திப்ரூகரில் ஏறும் உங்களுக்கு அது புறப்படும் நிலையம். கோரமண்டலைத்தான் நான் அஞ்சுகிறேன். அதன் முன்பதிவு திறக்கும் அக்டோபர் 26ஆம் தேதி காலையில் மட்டும் எதையும் ஒத்திப்போடாதீர்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இன்றே சரிபார்த்து வையுங்கள். 2025 அக்டோபர் 1 முதல், முன்பதிவு திறக்கும் தொடக்க நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே இணையத்தில் சீட்டு கிடைக்கும். அவசர முன்பதிவான தட்கலுக்கு 2025 சூலை 1 முதலே அந்த விதி வந்துவிட்டது.

தட்கலைப் பற்றி இன்னொன்று. வண்டி புறப்படும் நிலையத்திலிருந்து கிளம்பும் தேதிக்கு முந்தைய நாள்தான் அது திறக்கும், நீங்கள் ஏறும் தேதிக்கு முந்தைய நாள் அல்ல. விவேக்கில் நடுவழியில் விஜயவாடாவில் ஏற நினைக்கிறவர் தன் பயண நாளுக்கு முந்தைய நாள் போய்க் கேட்டால், அந்த ஒதுக்கீடு என்றோ தீர்ந்து போயிருக்கும்.

பார்வதிபுரம்:

நவம்பர் 1, காலை 8.20. ஐந்தாவது சீட்டும் கிடைத்துவிட்டது. அப்பா அம்மாவுக்கு ஐந்து வண்டிகளிலும் கீழ்ப்படுக்கை கன்ஃபர்ம். எனக்குக் கோரமண்டலில் ஆர்ஏசி, மற்ற நான்கிலும் கன்ஃபர்ம். விவேக்கில் மட்டும் அவர்கள் பி2 பெட்டியிலும் நான் பி5 பெட்டியிலும் இருக்கிறோம். உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பா ஒன்று கேட்கச் சொன்னார்: திரும்பும்போது சிலிகா ஏரியைப் பார்க்க எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

தண்டவாளத் தோழன்:

வாழ்த்துகள் அக்கா. தெற்கு நோக்கி வரும்போது ஏரி வண்டியின் இடப்பக்கம். ஒடிசாவில் பாலுகாவ் நிலையத்தை ஒட்டி நெடுந்தூரம் தண்ணீர் கூடவே வரும். அப்பா விழித்திருக்கட்டும்.

பழைய கவுண்டர்:

ஆர்ஏசி பற்றிக் கவலை வேண்டாம், அம்மா. உட்கார இடம் உறுதி, படுக்கையும் பெரும்பாலும் கிடைத்துவிடும். காலை 7 மணி வண்டி என்பதால் முதல் சார்ட் (இடம் ஒதுக்கிய பயணிகள் பட்டியல்) முந்தைய இரவே வந்துவிடும், தூங்கப் போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பி2, பி5 விஷயத்தைத் திப்ரூகரில் ஏறியதும் டிடிஇயிடம் சொல்லுங்கள். தனியாகப் பயணம் செய்யும் இளைஞர் ஒருவராவது அந்தப் பெட்டியில் இருப்பார்.

அப்பாவிடம் இதைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். விசாகப்பட்டினத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள், வண்டி வந்த வழியே பின்னோக்கி வெளியேறித்தான் தெற்கே திரும்பும். அதுவரை கடல் பக்கமாக இருந்த சன்னல் அதன் பிறகு மலைப் பக்கமாகிவிடும். வண்டி தவறான திசையில் போகிறது என்று அங்கே பதறி எழுந்தவர்கள் உண்டு. சிலிகாவை இந்தச் சன்னலில் பார்த்துவிட்டார் என்றால், விசாகப்பட்டினத்துக்குப் பிறகு கடல் பக்கத்தைப் பார்க்க எதிர்ப்புறம் மாறி உட்காரச் சொல்லுங்கள்.